நிமிடத்துக்கு முப்பது வார்த்தை

மே 5, திங்கள்

காலை பதினொன்றரைக்கு சூப்பிரண்டு தேவசகாயம் சார் ஒரு சுற்றறிக்கையை என் மேஜையில் வைத்து, "படிச்சிட்டு ஒரு கையெழுத்துப் போட்டுருங்க ரேணுகாம்மா" என்றார். படித்தேன். கையெழுத்துப் போட்டேன். கோணலாக விழுந்தது. அவர் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 16 அன்று அலுவலகத்தின் டைப்பிஸ்டுகள் நான்கு பேருக்கும் வேகப் பரிசோதனை. பத்து நிமிடம், இங்கிலீஷ். நிமிடத்துக்கு முப்பது வார்த்தை அடிக்க வேண்டும். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்காவது பிழையில்லாமல் இருக்க வேண்டும். தேறாதவர்களின் டைப்பிங் சான்றிதழ்கள் உண்மைத்தன்மை அறிய அனுப்பிவைக்கப்படும். அந்தக் கடைசி வரியை நான்கு தடவை படித்தேன். ஜூலையிலிருந்து எல்லாக் கடிதமும் அலுவலகக் கம்ப்யூட்டரிலேயே அடிக்க வேண்டுமாம். பென்டிரைவ் வேலை செய்யாதாம்.

மற்ற மூன்று பேரும் "இதென்ன புதுக் கூத்து" என்று சிரித்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். நான் போகவில்லை.

பதினேழு வருஷமாக நான் இங்கே டைப்பிஸ்ட். எனக்கு டைப் அடிக்கத் தெரியாது. இரண்டு ஆள்காட்டி விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்துவேன், அவ்வளவுதான். இதை எங்கேயும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் எழுதாவிட்டால் யாரிடமாவது உளறிவிடுவேன் போலிருக்கிறது. போன வருஷத்து டைரி ஒன்று எழுதாமல் கிடந்தது. பீரோவில் என் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிக்கொள்ளலாம்.

மே 6, செவ்வாய்

என் வேலையைச் செய்வது செண்பகம் அக்கா. என்னைவிட ஒன்றரை வயது மூத்தவள். கோர்ட்டு வாசலில் ஒரு ஜெராக்ஸ் கடை மூலையில் மேஜை போட்டு வக்கீல்களுக்கு மனு அடித்துக் கொடுக்கிறாள். சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் அங்கே இறங்கி, அன்றைய கடித வரைவுகளைச் சாப்பாட்டுப் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பேன். காலையில் பென்டிரைவில் வாங்கிக்கொள்வேன். நடுவில் அவசரக் கடிதம் வந்தால் "தலைவலி" என்று பக்கத்து சீட்டு ஹபீபாவிடம் தள்ளிவிடுவேன். என் தலைவலி அலுவலகத்தில் பிரசித்தம்.

இதில் அக்காவுக்கு ஒரு கஷ்டமும் கிடையாது. அவள் கை பாட்டுக்கு ஓடும், வாய் பாட்டுக்குப் பேசும். தீபாவளிக்குத் தவறாமல் சேலை எடுத்துக் கொடுக்கிறேன். அவளுக்கு கவர்மெண்டு வேலையில் ஆசை இருந்ததே இல்லை.

பரிசோதனை விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. என் பெயரில் டைப்பிங் ஹையர் பரீட்சை எழுதியவள் அவள். சான்றிதழைக் கிளறினால் எனக்கு மட்டுமா ஆபத்து?

மே 7, புதன்

சார் கூப்பிட்டார்.

"நீங்கதான் இங்க சீனியர் டைப்பிஸ்ட். டெஸ்ட்டு வைக்க ஒரு சாப்ட்வேர் தேடிக் குடுங்கம்மா. ஸ்பீடு காட்டணும், தப்பும் காட்டணும். காசு மட்டும் கேக்கக் கூடாது. அதுக்கெல்லாம் நமக்கு ஃபண்டு இல்ல."

"சரிங்க சார்" என்றேன். வேறென்ன சொல்வது? என் கழுத்துக்கு என்னையே கயிறு வாங்கி வரச் சொல்கிறார், அதுவும் ஓசியில்.

மே 8, வியாழன்

கொரோனா சமயத்தில் மகள் அபியின் ஆன்லைன் வகுப்புக்காகப் பழைய லேப்டாப் ஒன்று வாங்கினோம். அதை எடுத்துக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்தேன். இலவசம் என்று தேடினால் ஆயிரம் வருகிறது. எது நிஜமாக இலவசம் என்று யாருக்குத் தெரியும்?

முதலாவது பச்சை எழுத்தில் இலவசம் என்று போட்டிருந்தது. இறக்கிப் பார்த்தால் மூன்று நாளைக்கு மட்டுமாம், அதற்கும் முதலில் ஏடிஎம் கார்டு எண்ணைக் கொடுக்க வேண்டுமாம். போடா என்று மூடினேன். இரண்டாவதை இறக்கியதும் திரை முழுக்கச் சிவப்பானது. உங்கள் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டுவிட்டது, உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள் என்று ஒரு பெண் குரல் இங்கிலீஷில் கத்த ஆரம்பித்தது. எனக்கு உயிரே போய்விட்டது. கண்டுபிடித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பேட்டரியை உருவிப் போட்ட பிறகுதான் குரல் நின்றது.

வாசலிலிருந்து என் வீட்டுக்காரர், "என்ன சத்தம் ரேணு?" என்றார்.

"அபி ஏதோ படம் பாக்குறா."

அபி அப்போது மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நல்லவேளை, அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மே 9, வெள்ளி

இட்லி மாவு புளித்துவிட்டது. லேப்டாப் பக்கம் போகவில்லை. பயம்.

மே 10, சனி

மூன்றாவது சாப்ட்வேர் நன்றாக இருக்கிறது. பார்க்க அழகில்லை, நீலத் திரையும் வெள்ளை எழுத்தும்தான். ஆனால் விளம்பரம் இல்லை, கார்டு கேட்கவில்லை, நெட் இல்லாமலே ஓடுகிறது. ஒரு பத்தியைக் காட்டுகிறது, பார்த்து அடிக்க வேண்டும். முடித்ததும் வேகம் எவ்வளவு, எத்தனை பங்கு சரி, எந்த எழுத்தில் தவறு என்று சொல்லி, தேதியோடு பட்டியலில் ஏற்றிவிடுகிறது. பட்டியலை அழிக்க வழியிருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

பத்து நிமிடம் அடித்தேன். வேகம் பதினாறு, சரியானது எழுபத்தொரு பங்கு.

பரீட்சைக்கும் இதையே கொடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது. தெரிந்த பேயாக இருக்கட்டும். அதுவரை விடியற்காலை நாலரைக்கு எழுந்து இதிலேயே பழகலாம். முப்பது வருமா? வராது. ஆனாலும் வேறு எதுவும் தோன்றவில்லை.

மே 14, புதன்

விரலைப் பார்க்காமல் அடிக்க வேண்டும் என்பதற்காகக் கைகளின் மேல் துண்டைப் போட்டு மூடிக்கொள்கிறேன். நாலாவது விரல் நான் சொல்வதைக் கேட்பதே இல்லை. எஸ் அடிக்கச் சொன்னால் பக்கத்தில் போய் விழுகிறது. நாற்பத்திரண்டு வயதில் இது தேவையா எனக்கு?

அபி தூக்கக் கலக்கத்தோடு வந்து வாசற்படியில் நின்றாள்.

"அம்மா, நீங்க டைப்பிஸ்ட்தான? அப்புறம் எதுக்குப் பழகுறீங்க?"

"புது சாப்ட்வேரு. செக் பண்ணிப் பாக்கச் சொன்னாங்க."

"பதினேழுன்னு வருது?"

"அது மணி. போய் மூஞ்சியக் கழுவு."

அவள் நம்பவில்லை. பத்தாவது எழுதிய பிள்ளைக்கு மணி பார்க்கத் தெரியாதா? அப்பாவிடம் சொல்லிவிடுவாளோ என்று நாள் முழுக்க ஒரே படபடப்பு. என்னைப் பெண் பார்க்க வந்தபோது என் மாமியார், "பொண்ணு கலரு கம்மிதான், ஆனா டைப்பிஸ்ட் வேல இருக்கே" என்று என் காதுபடவே சொன்னார். அந்த வேலை போனால் இந்த வீட்டில் நான் யார் என்று எனக்கே தெரியவில்லை.

மே 19, திங்கள்

இருபது. எழுபத்தொன்பது பங்கு. மணிக்கட்டு வலிக்கிறது, அயோடெக்ஸ் தேய்த்துக்கொண்டு போனேன். "தலைவலி கைக்கு எறங்கிருச்சா?" என்றாள் ஹபீபா. சிரித்து வைத்தேன்.

மே 23, வெள்ளி

வேகம் இருபத்து மூன்றுக்கு வந்துவிட்டது. ஆனால் பிழை குறையவே மாட்டேன் என்கிறது. எண்பத்தாறைத் தாண்டவில்லை. ஒவ்வொரு வாக்கிய முடிவிலும் சிவப்பு விழுகிறது. நான் சரியாகத்தானே அடித்தேன் என்று ஒரு மணி நேரம் முட்டிக்கொண்டேன்.

அப்புறம்தான் புரிந்தது. புள்ளி வைத்ததும் இடம் விடும் பட்டையை நான் இரண்டு தடவை தட்டுகிறேன். டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் அப்படித்தான் பழக்கினார்கள், ஒரு தடவை தட்டினால் மாஸ்டர் ஸ்கேலால் விரலில் போடுவார். இந்த சாப்ட்வேர் ஒரு தட்டுக்கு மேல் தட்டினால் தப்பு என்கிறது. எட்டு மாதம் படித்து எனக்கு உருப்படியாக வந்தது இந்த ஒன்றுதான், அதுவும் இப்போது தப்பாம்.

மே 27, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

சாப்ட்வேரை சாரின் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினேன். அவரும் பழைய இன்ஸ்டிட்யூட் ஆள். அடித்துப் பார்த்தார். முப்பத்தெட்டு வேகம், ஆனால் வாக்கியத்துக்கு வாக்கியம் சிவப்பு. சிரித்துவிட்டு, "புள்ளிக்கு அப்புறம் ரெண்டு தட்டுறது நம்ம ரத்தத்துல ஊறிப்போச்சும்மா. ஒங்க லெட்டர்லயும் அப்பிடித்தான இருக்கும்? இங்க வேற யாரும் ரெண்டு எடம் விடுறதில்ல" என்றார்.

நான் தலையாட்டினேன். சும்மா இருந்திருக்கலாம் அவர்.

"போன மாசம் எங்க அண்ணன் நெலத்து கேஸுக்கு கோர்ட்டு வாசல்ல ஒரு மனு அடிச்சோம். அந்தம்மா அடிச்சதப் பாத்தப்ப ஒங்க லெட்டர் ஞாபகந்தான் வந்துச்சு. அதே ரெண்டு எடம், ஓரத்துல அதே அளவு. செண்பகம்னு பேரு. தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். "எங்க அக்காதான் சார்" என்றேன். "ஒரே இன்ஸ்டிட்யூட்."

"அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டு ஃபைலைப் புரட்ட ஆரம்பித்தார். எதை அதானே பார்த்தார்? சீட்டுக்குத் திரும்பி உட்கார்ந்தபின் ஒரு மணி நேரம் எழுந்திருக்க முடியவில்லை. சேலை முதுகில் ஒட்டிப்போயிருந்தது.

மே 30, வெள்ளி

ஒரு தட்டு. ஒரு தட்டு. ஒரே ஒரு தட்டு. பஸ்ஸிலும் தொடையில் தட்டிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த பெண் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

ஜூன் 3, செவ்வாய்

அக்கா வைகாசி வெயிலில் மூச்சு வாங்க என் வீட்டுக்கே வந்துவிட்டாள். நல்லவேளை அவரும் அபியும் கடைக்குப் போயிருந்தார்கள்.

"ஏண்டி, ஒங்க ஆபீஸ்ல டெஸ்ட்டு வைக்கிறாங்களாமே. வக்கீல் குமாஸ்தா சொல்றாரு. எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ பயந்துருவேன்னுதான்."

"பயப்படாம? ஹால் டிக்கெட்ல போட்டோ ஒன்னோடது, கையெழுத்து என்னோடது. எடுத்து வச்சுப் பாத்தா ரெண்டு பேரும்தான் போவோம்." தண்ணீர் கொடுத்தேன், குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். "ஒண்ணு செய்யி. கேட்டாங்கன்னா ஏம் பேரச் சொல்லிரு. எங்கக்காதான் எனக்குத் தெரியாம எழுதிட்டான்னு சொல்லு. ஒனக்குப் பொம்பளப் புள்ள இருக்கு. போறதுக்கு எங்கிட்ட என்ன வேலையா இருக்கு?"

விடியற்காலைப் பழக்கத்தை அவளிடம் சொல்லவில்லை. அன்று காலை இருபத்தைந்துதான் வந்திருந்தது. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு அவளாகவே பேசினாள். "பரீட்சை அன்னைக்கு எனக்குப் போட்டிருந்த சீட்டு, ஒன் சீட்டுக்கு ரெண்டு வரிச முன்னாடி. மிஷின் மேல போட்ட உறையக்கூட யாரும் எடுக்கல. சூப்பர்வைசர் என் நம்பர மூணு தடவ கூப்பிட்டாரு. நான் ஒன் நம்பர்ல ஒக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தேன்."

பத்தொன்பது வருஷத்தில் இதை அவள் சொன்னதே இல்லை.

அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து உள்ளே போனேன். அடுப்பில் பால் இல்லை.

ஜூன் 4, புதன்

அக்காவுக்கு கவர்மெண்டு வேலையில் ஆசை இல்லை என்று எழுதியிருந்தேன். பொய்.

நான் ஹையர் பரீட்சையில் இரண்டு தடவை பெயில். மணி அடித்ததும் கை விறைத்துப்போகும். மூன்றாவது தடவை நாங்கள் இருவரும் சேர்ந்து பரீட்சைப் பணம் கட்டினோம். இருவருக்கும் ஒரே பேட்ச், ஒரே நேரம். பரீட்சைக்கு முந்தின வாரம் நான் சாப்பிடாமல் அழுதுகொண்டு கிடந்தேன். "நீ பயந்தாங்கொள்ளி. மொதல்ல ஒன்னுத முடிப்போம். நான் எப்ப ஒக்காந்தாலும் பாஸ்தான், அடுத்த தடவ எழுதிக்கிறேன்" என்றாள். அப்போது எங்கள் இருவர் முகமும் ஒரே அச்சு. ஹால் டிக்கெட் போட்டோவில் எங்கள் அம்மாவுக்கே அடையாளம் தெரியாது.

அடுத்த தடவைக்குள் அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள். புகுந்த வீட்டில் பரீட்சைக்கு அனுப்பவில்லை. அப்புறம் பிள்ளைகள். அந்தச் சான்றிதழை வைத்து நான் வேலைக்கு மனுப் போட்டேன், கிடைத்தது. வேலையில் சேர்ந்த முதல் வாரமே கடிதக் கட்டை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குத்தான் ஓடினேன். "பயப்படாத, குடு" என்றாள். ஆசை இல்லை என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. நான்தான் எல்லோரிடமும் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இதைக் கிழித்துவிடலாமா என்று பார்க்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

இருபத்தெட்டு. தொண்ணூற்று நான்கு. மூன்று நாளாக அங்கேயே நிற்கிறது.

ஜூன் 13, வெள்ளி

அக்கா அம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டாளாம். குங்குமத்தை ஒரு காகிதத்தில் மடித்து, அடித்து முடித்த கடிதங்களோடு வைத்துக் கொடுத்தாள். இந்த நிலைமையிலும் ஒரு கடிதம்கூட பாக்கி வைக்கவில்லை. அந்த வேண்டுதல் நான் கொடுத்த பயம்தான்.

ஜூன் 15, ஞாயிறு

மூன்று நாளாக முப்பது, இருபத்தொன்பது, முப்பது. சாப்பாடு இறங்கவில்லை. காலையில் குக்கரில் தண்ணீர் ஊற்றாமல் வைத்துவிட்டேன். அவர் கத்தினார். கத்திக்கொள்ளட்டும்.

ஜூன் 16, திங்கள்

பதினொரு மணிக்கு நான்கு பேரையும் வரிசையாக உட்கார வைத்தார்கள். மேலதிகாரி ஒருவர் பின்னால் நின்றார். அதே நீலத் திரை. சார் மணி பார்த்து "ஆரம்பிங்க" என்றதும் விரலெல்லாம் விறைத்துப்போனது. பத்தொன்பது வருஷத்துக்கு முன் விறைத்த அதே மாதிரி. பக்கத்தில் ஹபீபா மழை கொட்டுவது போல் அடிக்கத் தொடங்கிவிட்டாள். எனக்கு முதல் எழுத்து எங்கே என்றே தெரியவில்லை.

அரை நிமிடம் அப்படிப் போயிருக்கும். பிறகு கண்ணை மட்டும் திரையில் வைத்தேன், கை தானாகப் போனது. நாலாவது விரல்கூட ஒழுங்காகப் போனது. நடுவில் ஒரு வரி தவறிப்போய் அழுகை வந்தது, அழுதுகொண்டே அடித்தேன். பின்னால் நின்றவர் என்ன நினைத்தாரோ தெரியாது.

வேகம் முப்பத்தொன்று. சரியானது தொண்ணூற்றாறு.

சார் பட்டியலில் எழுதிக்கொண்டு, "சீனியருக்கு இது கம்மிதான், பரவால்ல" என்றார். நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாந்தி எடுத்தேன். முகம் கழுவியபின் கண்ணாடியில் பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தேன். இனிமேல் சான்றிதழை யாரும் கேட்க மாட்டார்கள். யாரும் என்னை ஒன்றும் செய்ய முடியாது.

ஜூன் 17, செவ்வாய்

நேற்றே போனில் "பாஸ்" என்று மட்டும் சொல்லியிருந்தேன். அக்கா சாயங்காலம் அல்வா வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வந்ததும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அப்பா செத்தபோதுதான்.

"எப்பிடிடி? யாரு ஒதவி பண்ணா?"

"யாரும் இல்லக்கா. நானே அடிச்சேன்."

அவள் நம்பவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து துண்டைக்கூடப் போடாமல் அடித்துக் காட்டினேன். முப்பத்திரண்டு. பட்டியலையும் திறந்து காட்டினேன். மே பத்தாம் தேதி பதினாறு, அதிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு வரி. "பாத்தியா, எப்பிடி ஏறியிருக்கு பாரு" என்றேன்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். விரலைத் திரையில் வைத்து ஒவ்வொரு வரியாக எண்ணிக்கொண்டு போனாள். நேற்றைய வரியில் விரல் நின்றது.

"முப்பத்தெட்டு நாளு."

"ஆமாக்கா. தெனம் காலையில ரெண்டு மணி நேரம். இலவச சாப்ட்வேர்தான், ஒரு பைசா செலவில்ல."

அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"முப்பத்தெட்டு நாளுதானாடி?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. பதினேழு வருஷமாக அவள் அடித்துக் கொடுத்த கடிதங்களை நினைத்து, பட்டியலை மூடினேன். அவள் முகத்தில் கோபம் இல்லை, இருந்திருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டாள், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, அல்வாவ அபிக்குக் குடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். இன்றைக்கான கடித வரைவுகள் மேஜைமேல் இருந்தன. அவள் அவற்றை எடுத்துக்கொள்ளவில்லை.

ஜூன் 18, புதன்

நேற்றையதும் இன்றையதுமாக எட்டுக் கடிதம். எல்லாவற்றையும் நானே அடித்தேன். நாலரைக்கெல்லாம் முடிந்துவிட்டது. ஹபீபா "இன்னைக்குத் தலவலி இல்லையா?" என்று கேட்டாள்.

சாயங்காலம் கோர்ட்டு வாசலில் பஸ் நின்றது. நான் இறங்கவில்லை. ஜன்னல் வழியாகக் கடை தெரிந்தது. அக்கா யாருக்கோ மனு அடித்துக்கொண்டிருந்தாள். பேசவில்லை, கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்துவிடுவாளோ என்ற பயத்தில், பஸ் நகரும்வரை தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.